சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

ஐப்பசி பிறந்து மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. உள்ளான்குளத்தில் ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

விளக்கு வைத்த நேரத்திலிருந்து யூனிஸ் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஓட்டிலிருந்து முற்றத்துக் கல்லில் சொட்டுகிற சத்தம் கேட்டது, கிணற்றடி வாழையிலையில் காற்று உரசுகிற சத்தம் கேட்டது, கிணற்றை ஒட்டிப் போகிற புது வாய்க்காலில் தண்ணீர் குளத்தைப் பார்த்து ஓடுகிற அந்த மெல்லிய, விடாத, பக்கத்து அறையில் யாரோ ஜெபம் பண்ணுகிற மாதிரியான முணுமுணுப்பும் கேட்டது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. போன வருஷம் இதே மாசத்தில் அந்தக் குளம் போட்ட கூச்சலில் எதிரே நிற்கிறவர் பேசுவது காதில் விழாது. புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூடத் தொண்டை கிழியத்தான் போட வேண்டியிருந்தது.

“தவளை கத்தக் காணமே,” என்றாள்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாத்துரை தலையை நிமிர்த்தவில்லை. “கத்தலேன்னா நிம்மதியாத் தூங்குவோம்லா. இதுக்குமா ஒரு குறை? சோத்தைப் போடுட்டி.”

சோற்றைப் போட்டாள். போடுகிற வேகத்தில் அகப்பை தட்டில் இடித்தது. இந்த மனுஷனிடம் எதைச் சொன்னாலும் இப்படித்தான். குளத்துக்கு ஒன்று ஆகிவிட்டது என்று சொன்னால் தன்னைத் திட்டினதாக எடுத்துக்கொள்வான். தொட்டிலில் பியூலா சிணுங்கினாள். மூன்று மாதக் குழந்தை. யூனிஸ் போய்த் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மறுபடியும் காது கொடுத்தாள். வாய்க்கால் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

அந்த வாய்க்கால் அப்பாத்துரை வெட்டினது. மேலப்பாளையம் தாண்டி சேரன்மகாதேவி போகிற ரோட்டில் இருக்கிற கிருபைபுரத்து மிஷன் போர்டிங் பள்ளிக்கூடத்துக்கு அவன்தான் ஓவர்சியர். முன்னெல்லாம் போர்டிங் கக்கூஸை வாளியில் அள்ளிப் போய்த் தூரத்தில் புதைப்பார்கள். இஞ்சினீர் துரை வந்தார், சீமையில் இப்போது இப்படியெல்லாம் கிடையாது என்றார். கல் போட்டு மூடின பெரிய தொட்டி ஒன்று கட்டச் சொன்னார். கழிவெல்லாம் அதற்குள் போய் ஊறித் தெளியும். தெளிந்தது செங்கல் ஜல்லி பரப்பின படுகைகளில் வடியும். வடிந்து மறுபக்கம் வருகிறபோது பளிங்கு மாதிரி இருக்கும். இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. திறப்பு விழா அன்றைக்குச் சபை ஐயர்மார் ஜெபம் பண்ணி முடித்ததும் துரை ஒரு கண்ணாடித் தம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினார். அப்பாத்துரை அதை வாங்கி, எல்லாரும் பார்க்க, ஒரே மடக்கில் குடித்தான். கைதட்டினார்கள். அவனுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகாமல் போனதுதான் யூனிஸுக்கு வினையாக வந்தது. அன்றையிலிருந்து அவள் அந்தத் தண்ணீரைப் பற்றி என்ன சொன்னாலும், “நானே குடிச்சேன், செத்தா போனேன்?” என்ற ஒரு பேச்சில் வாயை அடைத்துவிடுவான்.

அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம். மூத்த பையனை வாந்திபேதி கொண்டுபோயிற்று. காலையில் விளையாடின பிள்ளை பொழுது சாயுமுன் கண் குழிந்து, தோல் சுருங்கி, “தண்ணி, தண்ணி” என்று கேட்டுக்கொண்டே போனான். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் கொடுத்ததுதான் காரணம் என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் மிஸ்ஸியம்மா முகத்துக்கு நேரே சொன்னாள். அதற்குப் பிறகு யூனிஸ் கொதிக்க வைத்தாள். கொதித்தால் மட்டும் போதுமா என்று ஒரு சந்தேகம் வந்தது. சேரன்மகாதேவியில் அவள் அம்மா கஷாயம் வைக்கிற பக்குவம் கைவசம் இருந்தது: நாலு பங்கு ஒரு பங்காகிற வரைக்கும் சுண்டக் காய்ச்சுவது. அப்படிக் காய்ச்சினால் எந்தக் கிருமிதான் தங்கும்? பியூலா பிறந்ததும் ஜுரம் கண்டு யூனிஸுக்குப் பால் வற்றிப்போயிற்று. பசும்பாலில் தண்ணீர் கலந்துதான் கொடுக்க வேண்டும். வெண்கலப் பானை நிறையக் கிணற்றுத் தண்ணீரை ஏற்றி, அடுப்பை விட்டு நகராமல் உட்கார்ந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, அடியில் கொஞ்சம் நிற்கிற அளவுக்குச் சுண்ட வைத்து, துணியில் வடிகட்டிப் பாலில் கலப்பாள். அந்த ஒரு காரியத்திலாவது அவளுக்கு மனசு அடங்கியது.

ஆற்றுத் தண்ணீர் வண்டியில் கொண்டுவரச் சொல்லி அவனைக் கேட்காமல் இல்லை. கேட்டாள். அவன் துள்ளினான்.

“ஓவர்சியர் பொண்டாட்டியே இந்தத் தண்ணியக் குடிக்க மாட்டேங்காளாம்னு ஊரு சிரிக்கவா? நம்ம குடிக்கது கிணத்துத் தண்ணிட்டி. வாய்க்காத் தண்ணி இல்ல.”

“கிணத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒரு வாழைமரம் நிக்கி.”

“பட்டணத்துக்கு அனுப்பிச் சோதிச்சாச்சு. கிருமி ஒண்ணும் கிடையாது. துரைக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?”

துரைக்கு என்ன தெரியுமோ! துரை குளத்தங்கரையில் குடியிருக்கவில்லை.

குளம் பச்சையாகிக்கொண்டு வந்தது. முதலில் வாய்க்கால் போய் விழுகிற மூலையில் பாசி ஒரு பாய் அகலத்துக்குப் படர்ந்தது. பிறகு ஆகாசத்தாமரை. அது வளர்ந்த வேகத்தைப் பார்த்துப் போர்டிங் ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள், என்ன செழிப்பு என்றார்கள். ஒவ்வொரு செடியும் முட்டைக்கோஸ் அளவுக்கு ஊதி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கரையிலிருந்து கரைக்கு மூடிக்கொண்டது. தண்ணீர் எங்கே என்று தெரியவில்லை. ஒருநாள் யூனிஸ் மூங்கில் கழியால் அந்தப் பச்சையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். அடியில் கறுப்பு. அசைவே இல்லாத, வெளிச்சம் உள்ளே போகாத கறுப்பு. அதிலிருந்து அழுகின முட்டை வாடை குப்பென்று மேலே வந்து மூக்கில் ஏறி, அன்றைக்குச் சாப்பிட்ட சோற்றிலும் இருந்தது. கழியை எடுத்ததும் பச்சை தானாகவே நகர்ந்து சேர்ந்துகொண்டது. விடியற்காலையில் குரவை மீனும் கெண்டையும் அந்தச் செடிகளுக்கு நடுவே வாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன. வெயில் ஏறுவதற்குள் வயிற்றைக் காட்டிவிட்டன. கொக்கு வரவில்லை. வருஷா வருஷம் கூட்டமாக வந்து இறங்குகிற உள்ளான் குருவிகள் வந்தன, குளத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றின, இறங்காமல் போய்விட்டன.

கிணறு மட்டும் அப்படியேதான் இருந்தது. எட்டிப் பார்த்தால் அடிக்கல் தெரிகிற தெளிவு. வாடை இல்லை. உப்பில்லை. குடித்தால் இனிப்பாகக்கூட இருந்தது.

“எங்க எருமை அந்தக் குளத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்ப மாட்டேங்கு,” என்றாள் பால் கொண்டுவருகிற இசக்கித்தாய். குளத்தின் மறுகரையில் அவள் வீடு. “ஓவர்சியரு ஒரு தம்ளர் குடிச்சாவளாம்லா. எருமை குடிக்க மாட்டேங்கு. யாருக்கு அறிவு கூடன்னு நீங்களே சொல்லுங்கம்மா.” சிரித்துக்கொண்டே பாலை ஊற்றினவள் தொட்டில் பக்கம் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். “யம்மா, பிள்ளைக்கு என்ன, உதடெல்லாம் சாயம்?”

யூனிஸ் பிள்ளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். உதட்டு ஓரத்தில் லேசாக நீலம். விரல் நகங்களிலும். தொட்டில் கட்டியிருந்தது மேலப்பாளையத்தில் நெய்த புதுச் சேலை, நல்ல கருநீலம். அதைத்தான் பிள்ளை வாயில் வைத்துச் சப்பியிருக்கிறாள். சேலைக்காரனைத் திட்டிக்கொண்டே தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. சீயக்காய் போட்டுக் கழுவினாள். துணியில் ஒரு பொட்டுச் சாயம் இறங்கவில்லை. தொட்டிலை அவிழ்த்துவிட்டுப் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டினாள். மறுநாள் காலையில் நீலம் மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

சாயம் இல்லை.

பிள்ளைக்கு ஜுரம் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, இருமல் இல்லை. அழவும் இல்லை. முன்பு பசி வந்தால் வீட்டை இரண்டாக்குகிற பிள்ளை. இப்போது சத்தமில்லாமல் கிடந்து கூரையைப் பார்த்தாள். மூச்சு மட்டும் வேகமாக, மேலோட்டமாக ஓடியது. வெளுத்த வேட்டித் தொட்டிலில் அந்தச் சின்ன முகம் நாளுக்கு நாள் சிலேட்டுப் பலகையின் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அப்பாத்துரை பயந்துவிட்டான். அவனே ஓடிப்போய் மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நேசையாவைக் கூட்டிவந்தான். நேசையா நல்ல மனுஷர்; மூத்தவனுக்கும் அவர்தான் வந்தார். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், பிறகு ஊசியைத் தீயில் காட்டி, பிள்ளையின் குதிகாலில் ஒரு குத்துக் குத்தினார். ஒரு துளி வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

கருப்பட்டிப் பாகு. அந்த நிறம்தான். சிவப்பு அதில் எங்கேயும் இல்லை. நேசையா துணியில் ஒற்றி, கொஞ்ச நேரம் காற்றுப்படப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சிவக்கவில்லை.

“அண்ணாச்சி, என்னது அது?” என்றாள் யூனிஸ்.

அவர் துணியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “பிறவியிலயே நெஞ்சு பலகீனம்மா. சில பிள்ளைகளுக்கு இப்படி உண்டு.”

“பிறந்தப்ப ரோசாப்பூவாட்டம் இருந்தா. பிறவியிலன்னா எப்படி?”

“இப்பத்தான் வெளிய தெரியுது. ஒண்ணு செய்யுங்க. நல்லாக் காய்ச்சின தண்ணி நிறையக் குடுங்க. நீர் இறங்க இறங்க ரத்தம் சுத்தமாகும்.” சொல்லிவிட்டு அவர் ஜன்னலுக்கு வெளியே குளத்தைப் பார்த்தார், யாரையும் பார்க்காமல்.

யூனிஸ் இன்னும் பெரிய பானையை ஏற்றினாள்.

நீலம் கூடியது.

கடைசியில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறிச் சேரன்மகாதேவிக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஆற்றிலிருந்து குடத்தில் கொண்டுவந்த தண்ணீர், வாசல் முழுக்க வயல் காற்று, சாயங்காலமானால் காது அடைக்கிற தவளைச் சத்தம். அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. போய் இரண்டொரு நாளில் பியூலா ஒரு தடவை வீறிட்டாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்க்க, யூனிஸ் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். உதடு சிவந்தது. நகம் சிவந்தது. கன்னத்தில் ரத்தம் ஏறிற்று. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி முடியவில்லை அவளுக்கு. அப்பாத்துரை வந்து பார்த்தான். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையோடு, “சரி, சொகமாயிட்டுல்லா, கிளம்பு,” என்றான். மற்ற மிஷன்காரர்கள் எல்லாம் அந்தத் தொட்டியைப் பார்க்க வருகிறார்களாம். ஓவர்சியர் வீடு பூட்டிக் கிடந்தால் நன்றாக இருக்காதாம்.

அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள். அம்மாவே, “புருஷன் கூப்பிடுதாரு, போ” என்றுவிட்டாள். யாரை நோவது!

திரும்பி வந்தார்கள். வண்டி கரையில் ஏறும்போதே அந்த வாடை வந்து முகத்தில் அப்பியது. யூனிஸ் வீட்டுக்குள் போனதும் முதல் காரியமாகக் குளத்துப் பக்க ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் துணி திணித்தாள். குளத்துக் காற்றுதான் பிள்ளையைப் பிடிக்கிறது. இந்த வீட்டில் நம்ப முடிந்த ஒரே பொருள், தன் கையால் காய்ச்சுகிற தண்ணீர்தான். பானையை ஏற்றினாள். நாலுக்கு ஒன்று என்பதை எட்டுக்கு ஒன்றாக்கினாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். தம்ளரில் தண்ணீர் பிடித்தார்கள். வெயிலுக்கு நேரே தூக்கினார்கள். கைதட்டுகிற சத்தம் அடைத்த ஜன்னல் வழியாக மங்கலாகக் கேட்டது. யூனிஸ் மடியில் கிடந்த பிள்ளையின் கையை எடுத்துப் பார்த்தாள். நகத்தில் நீலம் திரும்பியிருந்தது.

அன்றைக்கு அவள் போட்ட சண்டையில் விருந்தாளிகள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. “இந்த வீட்ட விட்டுப் போவோம். கூலி வேல செஞ்சாவது பொழைப்போம். இங்கன என்னவோ இருக்கு. அங்கன சிவந்த பிள்ள இங்கன வந்ததும் கறுக்கா. கண்ணு இல்லையா ஒங்களுக்கு? ஒரு பிள்ளையப் பறிகொடுத்தாச்சு. இதையும் குடுக்கணுமா ஒங்க தொட்டிக்கு?”

வழக்கமாகத் துள்ளுகிறவன் துள்ளவில்லை. ஜன்னல் இடுக்கில் திணித்திருந்த துணிகளைப் பார்த்தான், புகையில் சிவந்து வீங்கின அவள் கண்ணைப் பார்த்தான், சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

“வந்தவங்க நாளைக்குப் போயிருவாவ. போனதும் மாத்தல் கேக்கேன். குடுக்கலேன்னா வேலைய விட்டுருதேன். சத்தியமாச் சொல்லுதேன்ட்டி. நீ தூங்கி எத்தனையோ நாளாச்சு. நாளைக்கு மத்தியானம் நான் வீட்டுல இருக்கேன். தண்ணி எப்படிக் காய்ச்சணும்னு சொல்லிக் குடு. நான் பாத்துக்கிடுதேன்.”

இத்தனை நாளில் அவன் அவள் பக்கம் நின்ற முதல் பேச்சு அது. அவளுக்குக் கோபமெல்லாம் இறங்கிப்போயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்குப் பாடம் நடத்துகிற மாதிரி சொல்லிக்கொடுத்தாள். பானை நிறைய ஊற்றணும். அடியில பால்சங்கு முங்குற அளவு நிக்கிற வரைக்கும் இறக்கக் கூடாது. அவசரப்படக் கூடாது. எவ்வளவுக்கெவ்வளவு சுண்டுதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது. அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் கண் அயர்ந்தவள், சாயங்காலம் விழித்தபோது வீடு அமைதியாக இருந்தது.

மழை நின்றிருந்தது. அடைத்த ஜன்னல்களால் அறை மங்கலாக, புழுக்கமாக, பழந்துணி வாடையோடு கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் முணுமுணுத்தது. முன்னறையில் அப்பாத்துரை பிள்ளையிடம் எதையோ மெதுவாகக் கொஞ்சிக்கொண்டிருப்பது கேட்டது. இதைவிட வேறு என்ன வேண்டும் என்று படுத்திருந்தாள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. வெறும் பாத்திரம் தீயில் காய்கிற வாடை. பாவி மனுஷன், பானையை மறந்துவிட்டான்.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். பானையில் தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. அடி காய்ந்து வெளிறிப்போயிருந்தது. துணியைப் பிடித்து இறக்கிச் சாய்த்துப் பார்த்தாள். அடியிலும் பக்கத்திலும் வெள்ளையாக ஒரு படலம், சுண்ணாம்பு பூசின மாதிரி. தினமும் தேய்க்கிற பானைதான். மெல்லிசாக ஏதோ படியும், புளி போட்டுத் தேய்த்துக் கொட்டிவிடுவாள். இவ்வளவு கனமாகப் பார்த்ததில்லை. முழுக்க வற்ற விட்டதும் இல்லை. அகப்பைக் காம்பால் சுரண்டினாள். பொரபொரவென்று உதிர்ந்தது. கொஞ்சம் அடுப்புக் கங்கில் விழுந்தது.

சுர்ரென்று சீறியது.

கையை இழுத்துக்கொண்டாள். விழுந்த இடத்தில் கங்கு வெள்ளையாக எரிந்து, பொறி பறந்து, அடங்கியது. இன்னொரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். மறுபடியும் சீறல். மறுபடியும் பொறி.

தண்ணீரிலிருந்து வந்த பொருள். தீயை வளர்க்கிறது.

விரலில் ஒட்டினதை நாக்கில் வைத்தாள். சில்லென்றது. கைப்பும் குளிர்ச்சியுமாக ஓர் உப்பு. இது அவளுக்குத் தெரியும். சேரன்மகாதேவியில் அம்மா வீட்டுத் தெருக்கோடியில் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு வேட்டுப் போடுகிறவர் வீடு. ஆண்கள் ஒதுங்குகிற குட்டிச்சுவர்களின் அடியில், மாட்டுத் தொழுவங்களின் அடியில் பூத்துக் கிடக்கும் வெள்ளை உப்பை மண்ணோடு சுரண்டிக்கொண்டு வருவார். கரைப்பார். தெளிய வைப்பார். பானையில் ஏற்றிக் காய்ச்சுவார். சின்ன வயசில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தெளிந்த தண்ணீர் பளிங்கு மாதிரிதான் இருக்கும். காய்ச்சக் காய்ச்ச ஆவி போகும், உப்பு நிற்கும். சுண்டச் சுண்டத்தான் வெடியுப்பு இறங்கும்.

தண்ணீர்தான் போகிறது. அது போகவில்லை.

கக்கூஸ் தொட்டியிலிருந்து தெளிந்து வந்தது. வாய்க்காலில் வந்தது. குளத்தைத் தின்றது. வாழைமரத்தடி மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்தது. வாடையில்லை. நிறமில்லை. கிருமியில்லை. பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை, பிஞ்சு ரத்தத்தை மட்டும் கறுப்பாக்கியது. அதை அவள் நாலு பங்கை ஒரு பங்காக்கினாள். எட்டுப் பங்கை ஒரு பங்காக்கினாள். கண்ணெரிய உட்கார்ந்து. அடுப்பை விட்டு நகராமல். வடிகட்டி. தன் கையால்.

காற்று இல்லை. வீடு இல்லை. தண்ணீர்.

நேற்றுச் சொல்லிக்கொடுத்தாளே. எவ்வளவுக்கெவ்வளவு சுண்டுதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று.

“ஏங்க!” என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். அடுப்படியிலிருந்து முன்னறை இவ்வளவு தூரமா! நிலையில் தோள் இடித்தது. கால் தடுக்கிற்று.

அப்பாத்துரை பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் பியூலா. வலது கையில் பாலூட்டுகிற சங்கு. பக்கத்தில் ஒரு கிண்ணம், அடியில் சொட்டுத் தண்ணீர். அவன் முகத்தில் எத்தனையோ மாசமாக இல்லாத ஒரு சந்தோஷம்.

“எந்திரிச்சிட்டியா? பைய வா. கம்பவுண்டர் தண்ணி நிறையக் குடுக்கச் சொன்னாருல்லா, பால் சேக்காம வெறும் தண்ணியாவே குடுத்தேன். பானை பானையாக் காய்ச்சினேன் பாத்துக்கோ, ஒரு பானைக்கு ஒரு சங்குதான் தேறுச்சு. நீ சொன்னதவிட நல்லாவே சுண்ட வச்சேன். ஒரு சொட்டு சிந்தாமக் குடிச்சிட்டா.”

“வேண்டாம்.” அவள் வாய் அசைந்தது. “வேண்டாம், குடுக்காதிய.”

“ஏட்டி, இங்கன பாரு. ஒன்னையப் பாத்துச் சிரிக்கா.”

வாசல் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் விழுந்தது.

நெற்றி சிலேட்டு. கன்னம் சிலேட்டு. காது மடல் கறுப்பு. கண் திறந்திருந்தது. உதடு இரண்டும் நாவல்பழ நிறத்தில் விரிந்து விலகியிருந்தன. பல் முளைக்காத ஈறும் நாக்கும் மையில் முக்கி எடுத்தது போல் இருந்தன. சிரிப்புத்தான். பியூலாவின் முதல் சிரிப்பு. யூனிஸ் பக்கத்தில் மண்டியிட்டாள். கன்னத்தைத் தொட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அப்பாத்துரை சந்தோஷமாகச் சங்கைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். தலை அவன் கையில் சரிந்தது.

பியூலா சிரித்துக்கொண்டே இருந்தாள். அந்த வாய் மூடவே இல்லை.